புள்ளிக் கணக்கா? பின்னக் கணக்கா?

1991-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 25-ந் தேதி இரவு.

சவுதி அரேபியாவில் தஹ்ரான் என்று ஓர் ஊர். வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்க சிப்பாய்கள் அங்கே ஒரு பெரிய கொட்டகையில் தங்கியிருந்தார்கள்.

ஈராக் ராணுவம் ஏவிய "ஸ்கட்" ஏவுகணை ஒன்று வானத்தில் பறந்து வந்தது. கொட்டகையின் மேல் விழுந்து வெடித்தது. 28 பேர் பலியானார்கள். மேலும் பலர் படுகாயம் அடைந்தார்கள்.

அந்த ஊருக்குக் காவல் இல்லாமல் இல்லை. "பேட்ரியட்" என்ற எதிர் ஏவுகணைக் கருவி அங்கே இருந்தது. எதிரியின் ஏவுகணையை வானத்திலேயே கண்டுபிடித்து, வழியிலேயே அடித்து நொறுக்குவதுதான் அதன் வேலை.

ஆனால் அன்று இரவு அது சுடவே இல்லை!

காவலர்கள் தூங்கிவிட்டார்களா? இல்லை. கருவி உடைந்துபோயிற்றா? அதுவும் இல்லை. தவறு நடந்த இடம் வேறு. பத்தில் ஒரு பங்கு என்ற சின்னப் பின்னத்தைக் கருவிக்குள் இருந்த கம்ப்யூட்டர் சரியாக எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான்!

பத்தில் ஒரு பங்கு! பள்ளிப் பிள்ளைகள் கூடத் தவறில்லாமல் எழுதுவார்கள். மின்னல் வேகத்தில் கணக்குப் போடும் இயந்திரத்தால் அதை எழுத முடியவில்லையா?

முடியாதுதான். அந்த ரகசியத்தைப் பார்ப்போம்.

விசித்திரமான எடைக்கற்கள்

ஒரு மளிகைக் கடைக்காரரிடம் விசித்திரமான எடைக்கற்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கல் அரைக் கிலோ. அடுத்தது அதில் பாதி, கால் கிலோ. அடுத்தது அரைக்கால் கிலோ. அதற்கு அடுத்தது வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கல்தான் உண்டு.

கால் கிலோ சர்க்கரை கேட்டால் உடனே நிறுத்துக் கொடுத்துவிடுவார். முக்கால் கிலோ கேட்டாலும் கவலை இல்லை. அரையும் காலும் சேர்த்தால் முக்கால்.

"நூறு கிராம் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் சங்கடம்!

வீசம் என்பது 62.5 கிராம். அடுத்த கல் 31.25 கிராம். இரண்டும் சேர்ந்து 93.75. அதற்கு அடுத்த கல்லைப் போட்டால் நூறைத் தாண்டிவிடும். அதையும் அதற்கு அடுத்ததையும் விட்டுவிட்டு, இன்னும் சின்னக் கற்கள் இரண்டைப் போட்டால் 99.6 கிராம் வரும். மேலும் சின்னக் கற்களைப் போட்டால் 99.97 வரும்.

நூறுக்கு மிக மிக அருகே வரும். நூறு வராது. ஆயிரம் கற்கள் இருந்தாலும் வராது!

கம்ப்யூட்டரின் நிலைமையும் இதுதான். அதற்குத் தெரிந்த குறிகள் இரண்டே இரண்டு. ஒன்று, பூஜ்யம். கல்லைப் போட்டால் ஒன்று, போடாவிட்டால் பூஜ்யம். அதனால் அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் அதற்கு அத்துப்படி. பத்தில் ஒரு பங்கு மட்டும் பிடிபடாது. எங்கேயாவது ஓர் இடத்தில் நிறுத்திக்கொண்டு, "இது போதும்" என்று விட்டுவிடும்.

இதற்கு நாம் "பாதிக் கணக்கு" என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்று இருந்த காலத்தில், ஓர் அணா என்பது ரூபாயில் வீசம். அதைக் கம்ப்யூட்டர் துளியும் பிசகாமல் எழுதிவிடும். பத்துப் பைசாவைத்தான் ரூபாயின் பங்காக அதனால் சரியாக எழுத முடியாது!

தஹ்ரானில் நடந்தது என்ன?

பேட்ரியட் கருவியின் கடிகாரம், ஒரு விநாடியைப் பத்தாகப் பங்கு போட்டு, அந்தப் பங்குகளை எண்ணிக்கொண்டே வந்தது. எண்ணிக்கையில் பிழை இல்லை. அதை விநாடியாக மாற்றும்போதுதான் பத்தில் ஒரு பங்கால் பெருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஒரு பங்கு, 24 இடங்களோடு நறுக்கப்பட்டிருந்தது.

நறுக்கியதால் போனது எவ்வளவு? 0.000000095. அதாவது ஒரு கோடியில் ஒரு பங்கு கூட இல்லை.

ஆனால் கருவி அணைக்கப்படாமல் சுமார் 100 மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரத்தில் கடிகாரம் 36 லட்சம் பங்குகளை எண்ணிவிடும். அந்தத் தூசி 36 லட்சம் மடங்கு பெருகியது. விநாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நேரம் பிசகிவிட்டது.

ஸ்கட் ஏவுகணை ஒரு விநாடியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது. மூன்றில் ஒரு பங்கு விநாடியில் அரைக் கிலோமீட்டரைத் தாண்டிப் போய்விடும். ஏவுகணை வரப்போகும் இடத்தைப் பேட்ரியட் தப்பாகக் கணக்குப் போட்டது. வானத்தில் தவறான இடத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே சுடவில்லை!

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தக் கருவியின் புரோகிராமை முன்பே திருத்தியிருந்தார்கள். நேரத்தை நுட்பமாக மாற்றும் நல்ல கணக்கைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் தேவையான எல்லா இடங்களிலும் சேர்க்கவில்லை. ஓர் இடத்தில் நல்ல கணக்கு, இன்னோர் இடத்தில் பழைய கணக்கு. எல்லா இடத்திலும் ஒரே தப்பு இருந்திருந்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது தப்பும் கழிந்து போயிருக்கும். இரண்டும் கலந்ததால் பிசகு நிலைத்துவிட்டது.

வெகு நேரம் ஓடினால் கருவியின் குறி தவறுகிறது என்று பிப்ரவரி 11-ந் தேதியே இஸ்ரேல் நாட்டிலிருந்து தகவல் போயிருந்தது. புரோகிராமைத் திருத்தி அனுப்பினார்கள். திருத்திய புரோகிராம் தஹ்ரான் வந்து சேர்ந்த நாள் பிப்ரவரி 26. சாவு நேர்ந்ததற்கு மறுநாள்!

வேறு வழிகள் என்ன?

பாதிக் கணக்கு ஒத்துவராத இடத்தில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, புள்ளிக் கணக்கு. ரூ.12.50 என்று நாம் எழுதுகிறோமே, அதே முறை. பத்து, நூறு, ஆயிரம் என்று பத்துப் பத்தாகப் பங்கு போடுவது. தசாம்சக் கணக்கு என்றும் சொல்வார்கள்.

மற்றொன்று, பின்னக் கணக்கு. மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மூன்றில் ஒரு பங்கு என்றால் மேலே 1, கீழே 3. வகுத்துப் பார்க்காமல் இரண்டு எண்களையும் அப்படியே வைத்துக்கொள்வது.

இவை இரண்டையும் இன்றைய கம்ப்யூட்டர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வியாபாரக் கணக்குக்காகவே 1959-ல் திட்டமிட்ட "கோபோல்" மொழியில் புள்ளிக் கணக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. இப்போது மாணவர்கள் அதிகம் படிக்கும் "பைதான்" மொழியில் புள்ளிக் கணக்கு 2004-லும், பின்னக் கணக்கு 2008-லும் சேர்ந்தன. ஆனால் இவற்றை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் அது பாதிக் கணக்கில்தான் போடும்.

சந்தேகம் இருந்தால் பைதானில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள். 0.3 என்று வராது. 0.30000000000000004 என்று வரும்!

மூன்று பிள்ளைகளும் நூறு ரூபாயும்

சரி, இரண்டில் எது நல்லது?

நூறு ரூபாயை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு போட வேண்டும். புள்ளிக் கணக்கில் ஆளுக்கு ரூ.33.33. மூன்றையும் கூட்டினால் ரூ.99.99. ஒரு பைசா எங்கே?

பின்னக் கணக்கில் ஆளுக்கு 100-ல் மூன்றில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்டினால் சுளையாக நூறு. ஒரு துளி கூடச் சிந்தவில்லை.

அப்படியானால் பின்னக் கணக்குதான் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள்!

பிள்ளையின் கையில் பணத்தைக் கொடுக்க வேண்டாமா? மூன்றில் ஒரு பங்குப் பைசா என்று ஒரு காசு உண்டா? கொடுக்கும் நேரத்தில் யாராவது ஒருவருக்கு 33.34 கொடுத்துத்தான் ஆக வேண்டும். அது யாருக்கு? மூத்தவனுக்கா, கடைக்குட்டிக்கா? இதைக் கணக்கு சொல்லாது. மனிதர்கள்தான் விதி வகுக்க வேண்டும்.

பின்னம் பெருத்தால்?

பின்னக் கணக்குக்கு வேறு ஒரு தொல்லையும் உண்டு. அது நாளாக ஆகப் பெருத்துக்கொண்டே போகும்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஆறில் ஐந்து. சுலபம்தான். 1, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று வரிசையாக இருபதில் ஒன்று வரையில் கூட்டிப் பாருங்கள். விடை என்ன தெரியுமா? மேலே 55835135, கீழே 15519504!

இருபது சின்னப் பின்னங்களைக் கூட்டியதற்கே இந்தக் கதி. லட்சம் தடவை கூட்டினால் எண்களை எழுதவே இயந்திரத்துக்கு நேரம் போதாது. வேகம் குறைந்துகொண்டே போகும்.

மேலும், எல்லா எண்ணும் பின்னத்துக்கு அடங்காது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள சதுரத்தின் மூலைக்கு மூலை எவ்வளவு தூரம்? அதை எந்தப் பின்னத்தாலும் எழுத முடியாது. புள்ளிக் கணக்கிலும் முடிவு காண முடியாது.

ஆகவே வானிலை, பாலம் கட்டுவது, படம் வரைவது போன்ற வேலைகளுக்குப் பாதிக் கணக்கையே வைத்துக்கொள்கிறார்கள். அது வேகமானது. மழையின் அளவும் காற்றின் வேகமும் எப்படியும் உத்தேசமாக அளந்தவைதானே!

புள்ளி மட்டும் போதுமா?

பணம் உத்தேசம் அல்ல. எண்ணி வைத்த காசு. ஆகவே பணத்துக்குப் புள்ளிக் கணக்கு பொருத்தமானது. சிலர் ரூபாயை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் பைசாவாகவே வைத்துக்கொள்கிறார்கள். ரூ.10.50 என்றால் 1050 பைசா. புள்ளியே வேண்டியதில்லை.

ஆனால் புள்ளிக் கணக்கு என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் போதாது. மிச்சத்தை என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

கனடா நாட்டில் வான்கூவர் என்ற நகரம். அங்கே இருந்த பங்கு மார்க்கெட் 1982-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு விலைக் குறியீட்டு எண்ணை ஏற்படுத்தியது. ஆரம்பத்தில் அதன் மதிப்பு 1000. பங்குகளின் விலை ஏறினால் அது ஏற வேண்டும். இறங்கினால் இறங்க வேண்டும்.

வியாபாரம் நடக்க நடக்கக் கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் திருத்திக்கொண்டே இருந்தது. புள்ளிக்குப் பிறகு மூன்று இடங்களை வைத்துக்கொண்டு, மிச்சத்தை வெட்டி எறிந்தது. நாலாவது இடத்தில் 9 இருந்தாலும் சரி, வெட்டுதான்! ஏற்றி எழுதுவது என்பதே கிடையாது. நாளொன்றுக்கு இரண்டாயிரம் தடவைக்கு மேல் இந்த வெட்டு நடந்தது.

22 மாதங்கள் கழிந்தன. மார்க்கெட் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. குறியீட்டு எண்ணோ சுமார் 524-க்கு இறங்கிவிட்டது! 1983-ம் ஆண்டு நவம்பரில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சரியாகக் கணக்குப் போட்டபோது எண் 1098-க்கு மேல் வந்தது. பாதிக்குப் பாதி, வெட்டி எறிந்த தூசியிலேயே போய்விட்டது!

உங்கள் பாங்கிக் கணக்கு

"இது எல்லாம் ராணுவத்துக்கும் பங்கு மார்க்கெட்டுக்கும்தானே? நமக்கு என்ன?" என்று எண்ணாதீர்கள்.

நம் நாட்டில் சேமிப்புக் கணக்குக்கு வட்டியைத் தினசரி இருப்பின் மேல் கணக்கிட வேண்டும் என்ற முறை 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் நடக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் கணக்கில் ரூ.1,000 இருக்கிறது. வட்டி வருஷத்துக்கு 3 சதவீதம். அதாவது வருஷத்துக்கு ரூ.30. ஒரு நாள் வட்டி 8 பைசாவும் கொஞ்சமும். சரியாகச் சொன்னால் 73-ல் 600 பைசா.

அந்தக் "கொஞ்சத்தை" ஒவ்வொரு நாளும் வெட்டி எறிந்தால் என்ன ஆகும்? நாளுக்கு 8 பைசா வீதம் 365 நாளைக்கு ரூ.29.20 தான் வரும். 80 பைசா மாயம்!

எண்பது பைசாதானே என்பீர்கள். இப்படி ஒரு கோடிக் கணக்குகள் இருந்தால், காணாமல் போகும் தொகை 80 லட்சம் ரூபாய்!

பின்னமாகவே வைத்திருந்து கடைசியில் ரூபாயாக்கினால் சுத்தமாக ரூ.30 வரும். புள்ளிக் கணக்கில் போட்டாலும், நாள்தோறும் வெட்டாமல் பைசாவுக்குக் கீழே இன்னும் நாலு இடங்களை வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே தடவை முழுமையாக்கினால் அதே ரூ.30 தான் வரும். இரண்டு முறைகளும் நியாயமானவையே. மிச்சத்தைக் கடைசி வரையில் காப்பாற்ற வேண்டும். அதுதான் விஷயம்!

அணா போய் நயா பைசா வந்தபோது

மிச்சத்தைப் பற்றி விதி எழுதி வைக்க வேண்டும் என்பது நம் நாட்டுக்குப் புதிது அல்ல.

1957-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அணா முறை போய், ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற முறை வந்தது. வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் நயா பைசாவுக்கு எங்கே போவது? சட்டத்தில் இதற்கு விதி செய்திருந்தார்கள். எந்தக் காசு அருகில் இருக்கிறதோ அந்தக் காசு. சரிபாதியாக இருந்தால் கீழே உள்ள காசு.

இதன்படி ஓர் அணாவுக்கு 6 நயா பைசா. இரண்டு அணாவுக்கு 12. மூன்று அணாவுக்கு 19. நாலு அணாவுக்கு 25.

இப்போது பாருங்கள். ஒருவர் நாலு அணாவை மொத்தமாக மாற்றினால் 25 நயா பைசா. தனித்தனியாக நாலு தடவை மாற்றினால் 24 தான்! எப்போது முழுமையாக்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பணம் மாறிவிடுகிறது.

ஆனால் இங்கே விதி வெளிப்படையாக இருந்தது. கடைக்காரருக்கும் வாடிக்கைக்காரருக்கும் தெரிந்தது. கம்ப்யூட்டருக்குள் நடக்கும் வெட்டு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதுதான் வித்தியாசம்.

தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்

"முதலில் பாதிக் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு பின்னமாக மாற்றிக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

அது பலிக்காது. பாதிக் கணக்கில் எழுதிய 0.1-ஐப் பைதானில் பின்னமாக மாற்றினால், பத்தில் ஒன்று வராது. மேலே 3602879701896397, கீழே 36028797018963968 என்று வரும்! பாலில் தண்ணீர் கலந்த பிறகு வெள்ளிச் செம்பில் ஊற்றினாலும் தண்ணீர் தண்ணீர்தான். எண் உள்ளே வரும் வாசலிலேயே எந்தக் கணக்கு என்று தீர்மானித்துவிட வேண்டும்.

எதற்கு எது?

வெயில், மழை, தூரம், வேகம் போல அளந்து அறியும் எண்ணா? பாதிக் கணக்கு போதும். ஆனால் பிசகு எவ்வளவு சேரும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை, சம்பளம், வரி போல எண்ணிக் கொடுக்கும் பணமா? புள்ளிக் கணக்கு. பங்கு பிரிப்பது, வகுத்து மறுபடியும் பெருக்குவது போன்ற வேலையா? வேலை முடியும் வரையில் பின்னக் கணக்கு. காசு கைமாறும் இடத்தில் புள்ளிக் கணக்கு.

உங்கள் வீட்டில் புரோகிராம் எழுதப் படிக்கும் பிள்ளை இருந்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

"இந்த எண் அளந்ததா, எண்ணியதா, பங்கு போட்டதா? மிச்சத்தை எப்போது முழுமையாக்குகிறாய்? அந்த மிச்சம் யாருக்குப் போகிறது?"

மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் ஊர்ப் பணத்தையும் நம்பிக் கொடுக்கலாம், உயிர் காக்கும் கருவியையும் நம்பிக் கொடுக்கலாம்.